பிடித்த பணம் யாருடையது?

ஒரு தொழிலாளியின் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்குப் பன்னிரண்டு கணக்கில் 1,800 ரூபாய் வருங்கால வைப்பு நிதிக்கென்று (பி.எஃப்.) அவருடைய சம்பளத்தில் பிடிக்கப்படுகிறது. முதலாளி தன் பங்காக இன்னொரு 1,800 ரூபாய் போட வேண்டும். அதில் 1,250 ரூபாய் ஓய்வூதியத் திட்டத்துக்கும் மீதி 550 ரூபாய் வைப்பு நிதிக்கும் போகும். காப்பீட்டுக்கும் நிர்வாகச் செலவுக்கும் முதலாளி தனியாகக் கொஞ்சம் கட்டுவார். எல்லாவற்றையும் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் செலுத்திவிட வேண்டும்.

செலானில் பார்த்தால் இரண்டு 1,800களும் அக்கம்பக்கமாக நிற்கும் இரண்டு தொகைகள், அவ்வளவுதான். சட்டத்தின் கண்ணில் அவற்றுக்கிடையே மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு இருக்கிறது. ஒன்று முதலாளி தன் பையிலிருந்து கொடுப்பது. மற்றொன்று தொழிலாளி உழைத்துச் சம்பாதித்து, அவர் கைக்கு வராமலே முதலாளியிடம் தங்கியிருக்கும் பணம். சிறு நிறுவனங்களின் சம்பளப் பட்டியலும் பி.எஃப்., இ.எஸ்.ஐ. கணக்குகளும் பார்ப்பது என் தொழில். இந்த வேறுபாடு மனத்தில் ஏறாததால் வரும் தொல்லைகளைத்தான் இந்தத் தொழிலில் அதிகம் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதத் தோன்றுகிறது.

வருமான வரியிலிருந்து தொடங்கலாம். இங்கே நான் சொல்லும் பிரிவு எண்களும் விதிகளும் நெடுங்காலமாக நாங்கள் கையாண்டுவந்த 1961ஆம் ஆண்டுச் சட்டத்தினுடையவை; 2026 ஏப்ரல் முதல் அதன் இடத்தில் 2025ஆம் ஆண்டுச் சட்டம் வந்துவிட்டது. அந்தச் சட்டத்தின் 2(24)(எக்ஸ்) பிரிவு, தொழிலாளியிடம் பிடித்த பி.எஃப். தொகையை முதலில் முதலாளியின் வருமானமாகவே எடுத்துக்கொண்டது. பிறகு 36(1)(விஏ) பிரிவு, அந்தத் தொகையை உரிய தேதிக்குள் தொழிலாளியின் கணக்கில் கட்டியிருந்தால் மட்டும் கழித்துக்கொள்ள அனுமதித்தது. முதலாளியின் சொந்தப் பங்குக்கு வேறு விதி. அது 43பி பிரிவின்கீழ் வருவது. வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதிக்குள் கட்டினால் போதும், செலவாக ஏற்றுக்கொள்ளப்படும்.

நாற்பது பேர் வேலை செய்யும் ஒரு கூட்டாண்மை நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். ஆளுக்கு 1,800 வீதம் பிடித்தால் மாதம் 72,000 ரூபாய். 15ஆம் தேதி கட்ட வேண்டியதை 17ஆம் தேதி கட்டுகிறார்கள். பி.எஃப். சட்டத்தின் 7க்யூ பிரிவுப்படி ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டி. இரண்டு நாளைக்கு அந்த 72,000 ரூபாய்க்குக் கணக்குப் போட்டால் 47 ரூபாய்ச் சொச்சம். 14பி பிரிவின்படி தண்டத் தொகை தனி. 2024 ஜூன் முதல் அது மாதத்துக்கு 1 விழுக்காடு என்று குறைக்கப்பட்டிருக்கிறது. இவற்றைப் பார்த்து யாரும் அஞ்சப்போவதில்லை. ஆனால் அந்த 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி வருமான வரியில் அந்த 72,000 முழுவதும் நிறுவனத்தின் வருமானத்தோடு சேர்ந்துவிடும். 30 விழுக்காடு வரியும் அதன்மீது 4 விழுக்காடு செஸ்ஸும் சேர்ந்தால் 22,464 ரூபாய். அடுத்த ஆண்டு கழித்துக்கொள்ளலாம் என்பதும் கிடையாது. போனது போனதுதான். இரண்டு நாள் தாமதத்துக்கு இந்த விலை.

வரித் தணிக்கை அறிக்கையில் ஒவ்வொரு மாதத்துக்கும் உரிய தேதி எது, கட்டிய தேதி எது என்று ஆடிட்டர் பட்டியல் போட்டே கொடுக்கிறார். பெங்களூரில் இருக்கும் மையச் செயலாக்க அலுவலகத்தின் கணினிக்கு அந்தப் பட்டியலே போதும். அதிகாரி ஒருவர் உட்கார்ந்து விசாரிக்க வேண்டிய தேவையே இல்லாமல் கூடுதல் வரி கேட்டுக் கடிதம் வந்துவிடும்.

முன்பு இதில் ஒரு தாராளம் இருந்தது. கணக்குத் தாக்கல் தேதிக்குள் கட்டினால் தொழிலாளியின் பங்கையும் கழித்துக்கொள்ளலாம் என்று சில உயர் நீதிமன்றங்கள் சொல்லின, சில மறுத்தன. 2021ஆம் ஆண்டு நிதிச் சட்டம் 36(1)(விஏ), 43பி ஆகிய இரு பிரிவுகளிலும் விளக்கம் சேர்த்து அந்த வழியை அடைத்தது. 2022 அக்டோபர் 12 அன்று செக்மேட் சர்வீசஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், விளக்கம் சேர்ப்பதற்கு முந்தைய ஆண்டுகளுக்கும் அப்படித்தான் என்று தீர்ப்பளித்தது. முதலாளியின் பங்கு அவருடைய கடமை. தொழிலாளியின் பங்கு முதலாளி நம்பிக்கையின்பேரில் வைத்திருக்கும் பிறர் பணம். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது என்பதே தீர்ப்பின் சாரம்.

அந்தத் தீர்ப்பு வந்தபோது என் தொழிலில் உள்ளவர்கள் பலர் கொதித்துப் போனார்கள். பழைய ஆண்டுகளுக்கெல்லாம் வரி கேட்டுக் கடிதங்கள் வந்தன என்பது உண்மை. சின்ன நிறுவனங்கள் திணறியதும் உண்மை. இருந்தாலும் தீர்ப்பின் அடிப்படை சரி என்றே நான் நினைக்கிறேன். சரக்கு அனுப்பிய இடத்திலிருந்து பணம் வரவில்லை, அதனால் பி.எஃப். கட்ட முடியவில்லை என்று சொல்லும் முதலாளி, தன் வியாபாரத்துக்குத் தன் தொழிலாளியிடமே கைமாற்று வாங்குகிறார், அதுவும் அவரைக் கேட்காமல்.

இதற்கு ஒரு மறுமொழியை அடிக்கடி கேட்டிருக்கிறேன். “நான் எங்கே சார் பிடித்தேன்? கையில் இருந்ததே நிகரச் சம்பளத்துக்குத்தான். பட்டியலில் எழுதினேன், அவ்வளவுதான். இல்லாத பணத்தை எப்படிக் கட்டுவேன்?” கேட்கும்போது நியாயம் போலத் தோன்றும். ஆனால் சம்பளப் பட்டியலில் 15,000 என்று எழுதி, 1,800 பிடித்தம் காட்டி, 13,200 கொடுத்து, தொழிலாளியிடம் கையெழுத்தும் வாங்கியாயிற்று. அந்தக் கையெழுத்து முழுச் சம்பளத்துக்குமான கையெழுத்து. மீதி 1,800ஐத் தான் சேமித்திருப்பதாகத்தான் அவர் நம்பிக்கொண்டிருக்கிறார். இந்திய தண்டனைச் சட்டத்தின் 405ஆம் பிரிவில் இதற்கென்றே ஒரு விளக்கம் இருந்தது. பி.எஃப். தொகையைப் பிடித்த முதலாளி, அந்தப் பணம் தன்னிடம் ஒப்படைக்கப்பட்டவராகவே கருதப்படுவார். கட்டாமல் விட்டால் அது நம்பிக்கை மோசடி. இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 316ஆம் பிரிவிலும் அது தொடர்கிறது.

என் மனக்குறை வேறு ஓரிடத்தில் இருக்கிறது. மேலே சொன்ன 22,464 ரூபாய் வரியில் ஒரு ரூபாய்கூடத் தொழிலாளியின் கணக்குக்குப் போவதில்லை. பணம் தாமதமானது அவருக்கு, அபராதம் போவது கருவூலத்துக்கு. தாமதம் நடந்ததே அவருக்குத் தெரியாது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மொத்த ஊதியச் செலவு (சி.டி.சி.) என்ற கணக்கில் வேலைக்கு எடுக்கும் சில இடங்களில் முதலாளியின் 1,800 ரூபாயையும் சம்பளச் சீட்டின் பிடித்தப் பக்கத்திலேயே போட்டு 3,600 ரூபாயாகக் கழிக்கிறார்கள். முதலாளியின் பங்கைத் தொழிலாளியின் ஊதியத்தில் பிடிக்கக் கூடாது என்று திட்டத்தின் விதி வெளிப்படையாகவே சொல்கிறது. வேலைக்குச் சேரும்போது சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார் என்பது இதற்குப் பதிலாகாது.

பி.எஃப். குறைவாகக் கட்டுவதற்காக அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்துக் காட்டிப் படிகளாக உடைக்கும் பழக்கத்தைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. 2019 பிப்ரவரி 28 அன்று விவேகானந்த வித்யாமந்திர் வழக்கில் உச்ச நீதிமன்றம், எல்லோருக்கும் பொதுவாகக் கொடுக்கும் சிறப்புப் படி அடிப்படைச் சம்பளத்தின் பகுதியே என்று சொல்லிவிட்டது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, விலக்கப்படும் படிகள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டியதை ஊதியத்திலேயே சேர்க்கச் சொல்கிறது. உடைக்கும் பழக்கத்துக்கு இனி எதிர்காலம் இல்லை.

இதுவரை சொன்னவை முதலாளியின் பையைச் சுடும் தவறுகள். அவற்றைத் திருத்த வரிச் சட்டமே போதும், ஏனென்றால் தவறு செய்தவருக்கே வலிக்கிறது. நான் அதிகம் கவலைப்படுவது மற்றொரு வகையைப் பற்றி. முதலாளியின் அலுவலகத்தில் படிவத்தின் ஒரு கட்டத்தில் ஒரு ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ தவறாகப் பதிவாகிறது. அவருக்கு ஒரு நட்டமும் இல்லை. பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்து அதன் பலனை அனுபவிப்பவர் தொழிலாளி. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

ஓய்வூதியத் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1995 நவம்பரில் வந்த திட்டம் இது. 2014 செப்டம்பர் 1 அன்று ஊதிய உச்சவரம்பு 6,500 ரூபாயிலிருந்து 15,000 ரூபாயாக உயர்ந்தது. கூடவே ஒரு முக்கியமான மாற்றமும் வந்தது. அந்தத் தேதிக்குப் பிறகு முதன்முறையாக வேலைக்குச் சேர்கிறவரின் பி.எஃப். ஊதியம் 15,000ஐத் தாண்டினால், அவர் ஓய்வூதியத் திட்டத்தில் சேர முடியாது. முதலாளியின் பன்னிரண்டு விழுக்காடும் முழுதாக வைப்பு நிதிக்கே போக வேண்டும். அதே சமயம், ஏற்கெனவே ஓய்வூதியத் திட்டத்தில் உறுப்பினராக இருப்பவர் 15,000க்கு மேல் சம்பளம் பெற்று வேறு நிறுவனத்துக்கு மாறினால், அவர் உறுப்பினராகவே தொடர வேண்டும். அவருக்கு 15,000 ரூபாய்க்குக் கணக்கிட்டு 1,250 ஓய்வூதியத்துக்குப் போக வேண்டும்.

ஆக, ஒரே நாளில், ஒரே சம்பளத்துக்கு, ஒரே பதவிக்குச் சேரும் இருவரில் ஒருவருக்கு ஓய்வூதியப் பங்கு உண்டு, மற்றவருக்கு இல்லை. யாருக்கு எது என்பதைச் சம்பளத்தை வைத்துச் சொல்ல முடியாது. முந்தைய வேலையில் அவர் உறுப்பினராக இருந்தாரா, அந்தப் பணத்தை எடுத்துக் கணக்கை முடித்துவிட்டாரா என்று கேட்டால்தான் தெரியும். அதைக் கேட்பதற்கென்று இருப்பதுதான் படிவம் 11.

படிவம் 11 வேலைக்குச் சேரும் முதல் நாளில் நீட்டப்படும் காகிதக் கட்டுக்குள் எங்கோ இருக்கும். புது இடம், புது முகங்கள், வங்கிக் கணக்கு விவரம், புகைப்படம், அடையாள அட்டை என்ற பரபரப்பில் புதியவர் அதில் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுப்பார். மீதியைப் பணியாளர் பிரிவில் இருக்கும் பிள்ளை நிரப்பிக்கொள்வார். சம்பள மென்பொருளில் எல்லோருக்கும் ஓய்வூதியம் ‘ஆம்’ என்று முன்கூட்டியே அமைத்திருந்தால் ‘ஆம்’. ‘பதினைந்தாயிரத்துக்கு மேல் என்றால் இல்லை’ என்று அமைத்திருந்தால் ‘இல்லை’. இரண்டு அமைப்பும் பாதிப் பேருக்குத் தவறு.

முதல் வகைத் தவறில், உறுப்பினராகத் தகுதியே இல்லாதவரின் பெயரில் மாதம் 1,250 ரூபாய் ஆண்டுக்கணக்கில் ஓய்வூதிய நிதிக்குப் போய்க்கொண்டிருக்கும். ஓய்வூதியப் பங்குக்குத் தனிநபர் கணக்கில் வட்டி ஏறுவதில்லை. ஓய்வூதியம் வரும் என்று நம்பியவர் கடைசியில் விண்ணப்பிக்கும்போது, நீங்கள் தகுதியற்றவர் என்று திருப்பி அனுப்புவார்கள். அந்தத் தொகையை வட்டியோடு வைப்பு நிதிக் கணக்குக்கு மாற்ற முதலாளி எழுதிக் கொடுக்க வேண்டும், ஆவணம் காட்ட வேண்டும், அலுவலகம் ஏற்க வேண்டும்.

இரண்டாம் வகை இன்னும் மோசமானது. எட்டு ஆண்டு உறுப்பினராக இருந்தவர் புது நிறுவனத்துக்கு மாறுகிறார். அங்கே ‘இல்லை’ என்று பதிவாகிவிடுகிறது. பணமெல்லாம் வைப்பு நிதியில் சேர்வதால் பாஸ்புக்கில் தொகை பெரிதாகத் தெரியும்; அவருக்குச் சந்தேகமே வராது. ஆனால் மாத ஓய்வூதியம் பெறக் குறைந்தது பத்து ஆண்டு சேவை வேண்டும். அவருடைய சேவை எட்டிலேயே நின்றுபோயிருக்கும். இந்த ஓய்வூதியம் ஒன்றும் பெரிய தொகை இல்லை. ஓய்வூதிய ஊதியத்தைச் சேவை ஆண்டுகளால் பெருக்கி எழுபதால் வகுக்க வேண்டும். 15,000 ரூபாய்க்கு 35 ஆண்டு சேவை என்றால் 7,500 வரும். ஆனாலும் வாழ்நாள் முழுவதும் வருவது, அவருக்குப் பின் துணைவிக்கும் வருவது. ஒரு கட்டத்தில் குறி மாறிப் போட்டதற்காக அது இல்லாமல் போவதை என்னால் எழுத்தர் பிழை என்று சொல்லி ஒதுக்க முடியவில்லை.

சம்பளமில்லா விடுப்பு நாட்களும் இப்படித்தான். மாதாந்திரக் கணக்குக் கோப்பில் பங்களிப்பு இல்லாத நாட்களுக்கென்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் போடும் எண் ஓய்வூதியச் சேவையில் கழிகிறது. வருகைப் பதிவேட்டைப் பார்க்காமல் பழைய மாதக் கோப்பையே நகலெடுத்து ஏற்றும் அலுவலகங்களில், ஒரு மாதம் விடுப்பெடுத்தவரின் எண் அடுத்த மாதமும் தொடர்ந்துகொண்டிருக்கும்.

இனி, வேலையை விட்டுப் போகும் நேரம். ஐந்து ஆண்டுத் தொடர் சேவை முடிவதற்குள் பி.எஃப். பணத்தை எடுத்தால் அதற்கு வரி உண்டு. இதைப் பலரும் அறிவார்கள். வரி எப்படி விழும் என்பதை அறிந்தவர்கள் குறைவு. முதலாளியின் பங்கும் அதற்கான வட்டியும் சம்பளமாகக் கருதப்படும். தன் பங்குக்கான வட்டி இதர வருமானமாகும். தன் பங்குக்காக முன்பு 80சி பிரிவில் சலுகை பெற்றிருந்தால் அது திரும்பப் பெறப்படும். தொகை 50,000 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால் 10 விழுக்காடு வரி மூலத்திலேயே பிடிக்கப்படும். பான் எண் இணைக்கப்படாமல் இருந்தால் 20 விழுக்காடு. வரி வரம்புக்குள் வராத வருமானம் உள்ளவர் கணக்குத் தாக்கல் செய்து அதைத் திரும்பப் பெறலாம். தையல் மேசையிலோ பாக்கிங் பிரிவிலோ வேலை பார்த்துவிட்டுப் போனவர்களில் எத்தனை பேர் அதைச் செய்வார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

இந்த வரியைத் தவிர்க்கும் வழி சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. பணத்தை எடுக்காமல் புது நிறுவனத்தின் கணக்குக்கு மாற்றிக்கொண்டால் பழைய சேவையும் ஐந்து ஆண்டுக் கணக்கில் சேரும். இங்கே மூன்று, அங்கே இரண்டு என்றாலும் ஐந்துதான். ஆனால் மாற்றம் நடக்க வேண்டுமானால் பழைய நிறுவனம் வெளியேறிய தேதியைச் சரியாகப் பதிந்திருக்க வேண்டும். மார்ச் 10 அன்று விலகியவருக்கு மார்ச் 31 என்று போட்டுவிட்டால், மார்ச் 15 அன்று புது இடத்தில் சேர்ந்த தேதியோடு அது மோதும். ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் வேலை செய்ததாகப் பதிவு நிற்கும். 2025 வரை மாற்றல் விண்ணப்பங்கள் பல அங்கேயே தங்கிவிட்டன. தேதியே பதியாமல் விட்டிருந்தால், கடைசிப் பங்களிப்புக்கு இரண்டு மாதம் கழித்து ஆதார் ஓ.டி.பி. வழியாக உறுப்பினரே பதிந்துகொள்ளும் வசதி 2020 முதல் இருக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் தவறாகப் பதிந்த தேதியைத் திருத்த 2025 ஜனவரி வரை மறுபடியும் பழைய முதலாளியின் ஒப்புதல் தேவைப்பட்டது; 2017 அக்டோபருக்கு முன் உறுப்பினர் எண் பெற்றவர்களுக்கு அதன் பிறகும் தேவைப்படலாம். நல்ல முறையில் விலகாதவர் அந்த வாசலில் போய் நிற்பது எளிதல்ல.

வெளியேறிய காரணத்தையும் யாரும் பொருட்படுத்துவதில்லை. ஐந்து ஆண்டு முடியாவிட்டாலும், உடல்நலக் குறைவாலோ முதலாளியின் தொழில் சுருங்கியதாலோ மூடப்பட்டதாலோ, தொழிலாளியின் கைமீறிய வேறு காரணத்தாலோ வேலை போயிருந்தால் வரி இல்லை. ஆனால் ஆலை மூடும் மாதத்தில் அலுவலகத்தில் மிஞ்சியிருக்கும் ஒரே எழுத்தர், எல்லோருக்கும் ‘குறுகிய சேவையில் விலகல்’ என்று வரிசையாகப் போட்டு வேலையை முடிக்கிறார். வேலையைப் பறிகொடுத்தவர், தானாக விட்டுப் போனவராகப் பதிவாகிறார். வரி பிடிக்கப்படுகிறது. நிறுவனம் மூடியதால்தான் விலகினேன் என்று கடிதம் வாங்கலாம் என்றால், கடிதம் கொடுக்க அங்கே யாரும் இல்லை. ஆலை மூடுவது உறுதியான நாளிலேயே ஒவ்வொருவருக்கும் காரணம் குறிப்பிட்டுப் பணியிலிருந்து விடுவிக்கும் கடிதம் கொடுங்கள் என்று நான் முதலாளிகளிடம் மன்றாடியே கேட்பதுண்டு. அதற்கு ஒரு காகிதமும் ஒரு முத்திரையும்தான் செலவு.

அதிகச் சம்பளக்காரர்களின் வரிக் கேள்விகள் இவற்றோடு ஒப்பிட்டால் எளிமையானவை. 2021 ஏப்ரல் முதல், ஊழியரின் சொந்தப் பங்கு ஆண்டுக்கு 2.5 லட்சத்தைத் தாண்டினால், தாண்டிய தொகையின் வட்டிக்கு ஆண்டுதோறும் வரி. அதற்காக ஒரே உறுப்பினருக்கு வரியுள்ள கணக்கு, வரியில்லாக் கணக்கு என்று இரண்டாகப் பிரித்து எழுதுகிறார்கள். விருப்பப் பங்களிப்பாகக் கூடுதல் தொகை போடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது இது. முதலாளியின் பங்கு வைப்பு நிதி, தேசிய ஓய்வூதியத் திட்டம், பணி ஓய்வு நிதி மூன்றிலும் சேர்ந்து ஆண்டுக்கு 7.5 லட்சத்தைத் தாண்டினாலும் அதிகப்படியான தொகைக்கு வரி உண்டு. இவர்களுக்கு ஆடிட்டர்கள் இருக்கிறார்கள், பார்த்துக்கொள்வார்கள்.

ஆடிட்டர் இல்லாதவர்களுக்கு இருப்பது பாஸ்புக் மட்டுமே. உறுப்பினர் எண்ணும் கடவுச்சொல்லும் இருந்தால் கைப்பேசியிலேயே பார்க்கலாம். அடிமட்டத்தில் இருக்கும் மொத்தத் தொகையை மட்டும் பார்த்து மூடிவிடாதீர்கள். ஒவ்வொரு வரியிலும் எந்த மாதத்துக்கான தொகை, எந்தத் தேதியில் வரவானது என்பது இருக்கும். வைப்பு நிதிக்கான ஊதியம் ஒரு பத்தியிலும், ஓய்வூதியத்துக்கான ஊதியம் அடுத்த பத்தியிலும் இருக்கும். 2014 செப்டம்பருக்குப் பின் முதன்முதலாக வேலைக்கு வந்து, தொடக்கத்திலேயே 15,000க்கு மேல் பி.எஃப். ஊதியம் பெற்றவரின் ஓய்வூதியப் பங்குப் பத்தியில் 1,250 இருந்தாலும், பழைய உறுப்பினரின் ஓய்வூதியப் பங்குப் பத்தியில் பூஜ்யம் இருந்தாலும், இந்த வாரமே பணியாளர் பிரிவுக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். படிவம் 11இன் நகலையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். திருத்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் இன்னும் அந்த நாற்காலியில் இருக்கும்போதே இது முடிந்தாக வேண்டும்.